ஏழைக்கும் சம்பளக்காரருக்கும் நடுவே: பொதுச் சுகாதாரக் காப்பீடு முட்டி நிற்கும் இடம்

2015-ம் ஆண்டில் இந்தோனேசியாவின் மேடான், பண்டுங் நகரங்களில் சுமார் 6,000 குடும்பங்களிடம் ஒரு சோதனை நடந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அதை நடத்திய பொருளியலாளர்களில் ஒருவர். அந்த நாட்டில் 2014 ஜனவரியில் தேசியச் சுகாதாரக் காப்பீடு தொடங்கியது. எல்லோரும் சேர்ந்தாக வேண்டும் என்பது சட்டம். சட்டம் வந்து ஓராண்டு கழிந்தும் இந்தக் குடும்பங்கள் சேரவில்லை. அவர்களைச் சேர வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

சிலருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தந்தார்கள். சிலருக்கு ஓராண்டு முழுக்க இலவசம் என்றார்கள். சிலருக்கு இணையத்தில் பதிவு செய்யவும் உதவினார்கள். இன்னும் சிலரிடம் காப்பீட்டின் நன்மைகளை விளக்கிச் சொன்னார்கள். அந்த விளக்கத்தால் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பணமும் கேட்காமல், பதிவுக்கும் உதவி செய்த குழுவில்கூடச் சேர்ந்தவர்கள் சுமார் 30 சதவீதம்தான். சேர முயன்றவர்களில் பலர் பதிவு முடியாமல் பாதியில் நின்றுபோனார்கள். குடும்ப அட்டையில் இருக்கும் விவரம் அரசுக் கணினியில் இருக்கும் விவரத்தோடு பொருந்தாது. அதைச் சரிசெய்ய அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்?

வளரும் நாடுகளில் பொதுச் சுகாதாரக் காப்பீட்டை எல்லோருக்கும் விரிப்பது ஏன் இவ்வளவு இழுபறியாக இருக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் வரும். அரசிடம் பணம் இல்லை, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, நிர்வாகத்தில் ஊழல். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தத் திட்டங்கள் எந்த இடத்தில் முட்டி நிற்கின்றன என்று பார்த்தால், நாட்டுக்கு நாடு அதே இடம்தான் வருகிறது. பரம ஏழையும் இல்லை, மாதச் சம்பளக்காரரும் இல்லை என்று நடுவில் இருக்கும் கூட்டம் அது.

இரண்டு ஓரமும் எளிது

மாதச் சம்பளம் வாங்குபவரைக் காப்பீட்டில் சேர்ப்பது எந்த அரசுக்கும் கஷ்டமில்லை. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே முதலாளி பிடித்துக் கட்டிவிடுவார். பட்டியல் தயாராக இருக்கும், வருமானம் எழுத்தில் இருக்கும், ஏமாற்றினால் பிடிக்க ஒரு நிறுவனம் இருக்கும். மறுமுனையில் மிக ஏழைகளைச் சேர்ப்பதும் ஓரளவு சாத்தியம்தான். அவர்களுக்கான பிரீமியத்தை அரசே கட்டிவிடும். வெளிநாட்டு நன்கொடையாளர்களும் இந்த வேலைக்குத் தயங்காமல் கை கொடுப்பார்கள். தேர்தல் மேடையில் சொல்லவும் நன்றாக இருக்கும்.

நடுவில் இருப்பவர் தெருவோரக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், சிறு விவசாயி, வீட்டு வேலைக்குப் போகும் பெண். உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் போட்ட கணக்கின்படி உலகில் வேலை செய்பவர்களில் 61 சதவீதம், அதாவது 200 கோடிப் பேர், இப்படி முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இது 85 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே ‘நடுவில் விடுபட்டவர்கள்’ என்பது ஏதோ சிறு இடைவெளி கிடையாது. பல நாடுகளில் பெரும்பான்மை மக்களே அவர்கள்தான். இந்தியாவில் எந்தக் காப்பீட்டிலும் இல்லாமல் இப்படி விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-ல் கணக்கிட்டது.

சமூகக் காப்பீடு என்ற ஏற்பாடு தொழிற்சாலையில் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883-ல், தொழிலாளர்களுக்காக வந்தது. அதே ஜெர்மனியில் விவசாயிகளுக்குச் சட்டப்படி சுகாதாரக் காப்பீடு வர 1972 ஆயிற்று. ஜப்பான் 1922-ல் சட்டம் போட்டு, 1961-ல்தான் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தது. தென்கொரியா 1977-ல் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் தொடங்கி 1989-ல் முடித்துவிட்டது. பன்னிரண்டே ஆண்டுகள்! இந்தச் சாதனையை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கொரியாவின் பொருளாதாரம் பாய்ந்து வளர்ந்தது, வயலில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காப்பீடு மக்களைத் தேடிப் போனதில் பாதி. மக்களே சம்பளப் பட்டியலுக்குள் வந்தது மீதி. அப்படியும் 1988-ல் கிராமங்களுக்குத் திட்டம் போனபோது சந்தா அதிகம் என்று விவசாயிகள் போராடினார்கள். அவர்களுக்கான சந்தாவில் ஏறக்குறைய பாதியை அரசே ஏற்க வேண்டியதாயிற்று.

இன்றைய வளரும் நாடுகளில் முறைசாரா வேலை அந்த வேகத்தில் சுருங்கவில்லை. சில இடங்களில் கூடவும் செய்கிறது. கொரியாவின் பாதையில் போனால் கொரியா போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

நோய் வந்தால் சேர், குணமானால் விலகு

சரி, நடுவில் இருப்பவரிடமும் பணம் வாங்கிக்கொண்டு சேர்த்தால் என்ன? ஏறக்குறைய எல்லா நாடுகளும் முதலில் இதைத்தான் செய்து பார்த்தன.

முதல் சிக்கல், வசூல். இவர்களுடைய வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். அறுவடைக்குப் பின் பணம் இருக்கும், மழைக்காலத்தில் இருக்காது. முகவரியும் மாறும். சம்பளப் பிடித்தம் என்ற வசதி இல்லாததால் ஒவ்வொருவரையும் தேடிப் போய் வாங்க வேண்டும். வசூலிக்கும் தொகையைவிட வசூல் செலவு பெரிதாகிவிடும் நிலை சாதாரணமாக வருகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. தானாக முன்வந்து பணம் கட்டிச் சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நோயில் இருப்பவர்கள், அல்லது சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறவர்கள். திடகாத்திரமாக இருப்பவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார். இந்தோனேசியாவில் இது வெளிப்படையாகவே நடந்தது. அவசரச் சிகிச்சைக்காகச் சேர்வார்கள், சில மாதம் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் முழுக்கக் கையைக் கடிக்கும் குடும்பத்துக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் காப்பீடு என்பது நோயில்லாதவர் கட்டும் பணத்தில் நோயாளிக்குச் சிகிச்சை தரும் ஏற்பாடு. நோயாளிகள் மட்டுமே கட்டினால் கணக்கு உதைக்கும்.

உதைத்தது. இந்தோனேசியக் காப்பீட்டு முகமையான பிபிஜேஎஸ் தொடங்கிய நாளிலிருந்தே பற்றாக்குறையில் ஓடியது. நித்திய கண்டம் பூரண ஆயுசு என்பார்களே, அந்த நிலைமை. 2019-ல் அதிபர் ஜோகோ விடோடோவின் அரசு சந்தாவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஆணை போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டே மாதத்தில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோதே, இன்னொரு ஆணை வழியாக உயர்வு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி அறையின் தரத்தைப் பொறுத்துச் சந்தாவில் வகுப்புகள் உண்டு; முதல் வகுப்புச் சந்தா ஆளுக்கு மாதம் 80,000 ரூபியாவிலிருந்து 1,50,000 ரூபியா ஆனது. கடைசி வகுப்புக்கு 42,000. அதில் ஒரு பங்கை அரசு ஏற்றது. சந்தாவை ஏற்றினால் முதலில் விலகுபவர் யார்? நோய் இல்லாதவர்தான். மிச்சம் இருப்பவர்களின் சராசரிச் செலவு மேலும் கூடும். மறுபடி ஏற்ற வேண்டும்.

மேலே சொன்ன சோதனையில் இதற்கொரு மறுபக்கமும் தெரிந்தது. இலவசமாகச் சேர்க்கப்பட்டவர்கள் சராசரியாகச் செலவு குறைந்தவர்களாக இருந்தார்கள். நோயில்லாதவர்களும் சேர்ந்ததே காரணம். சலுகை இருந்தவரை உறுப்பினர் எண்ணிக்கை எட்டு மடங்குக்கு மேல் கூடியது, ஆளுக்கான செலவு கூடவில்லை. சலுகை முடிந்த பிறகும் எண்ணிக்கை இரண்டு மடங்காக இருந்தது. பணம் கேட்டு நோயாளிகளை மட்டும் வடிகட்டி எடுப்பதைவிட, கேட்காமல் எல்லோரையும் சேர்ப்பது நிதிக்கு அவ்வளவு பாதகமில்லை என்பதற்கு இது நல்ல சான்று. நிதி அமைச்சகங்களுக்கு இது எளிதில் உள்ளே இறங்காது.

சீனாவின் கதை வேறு மாதிரி. 2003-ல் கிராமப்புறக் காப்பீடு தொடங்கியபோது விவசாயி கட்ட வேண்டியது ஆண்டுக்கு 10 யுவான். மத்திய அரசு 10, உள்ளூர் அரசு 10 போட்டன. பெயருக்கு விருப்பத்தின் பேரில் சேரும் திட்டம்தான். ஆனால் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று உள்ளூர் அதிகாரிகளுக்கு இலக்கு இருந்தது; கட்டும் பணத்தைப் போல இரு மடங்கு அரசு போட்டதால் மக்களுக்கும் லாபம். 2011 வாக்கில் நாட்டின் 95 சதவீதம் பேர் ஏதோ ஒரு காப்பீட்டில் இருந்தார்கள். பிறகு தனிநபர் சந்தா ஆண்டுக்கு ஆண்டு ஏறி 2025-ல் 400 யுவானைத் தொட்டது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 2,000 யுவான். இப்போது விலகிப் போகிறவர்கள் ஒரு செய்தியாகிவிட்டார்கள்.

ருவாண்டா இந்த விதிக்குப் புறம்பாக நிற்கிறது. ஏழை நாடு, மக்களில் பெரும்பாலோர் விவசாயிகள், ஆனாலும் ஊர்க் காப்பீட்டுத் திட்டம் பத்தில் எட்டு ஒன்பது பேரை எட்டியது. எப்படி? ஊர்க்காரர்களே உட்கார்ந்து யார் எந்த வசதிப் படியில் இருக்கிறார்கள் என்று வகைப்படுத்தினார்கள். அந்தப் படிக்கு ஏற்பச் சந்தா. மிக ஏழைகளின் சந்தாவை அரசும் நன்கொடையாளர்களும் கட்டினார்கள். அதோடு, மாவட்ட மேயர்கள் அதிபரிடம் கையெழுத்துப் போடும் செயல்திறன் ஒப்பந்தத்தில் காப்பீட்டுச் சேர்க்கையும் ஓர் இலக்கு. தலைநகர் கிகாலியிலிருந்து குக்கிராமம் வரை உத்தரவு இறங்கும் நாடு அது. அந்த அளவு பிடிமானம் உள்ள அரசுகள் அதிகம் இல்லை, இருக்க வேண்டும் என்றும் எல்லோரும் விரும்ப மாட்டார்கள்.

தாய்லாந்து கேட்காமல் விட்ட பணம்

தாய்லாந்தும் முதலில் பணம் வாங்கித்தான் பார்த்தது. 1975-ல் ஏழைகளுக்கு இலவசத் திட்டம், 1983-ல் நடுவில் இருப்பவர்கள் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் சுகாதார அட்டை. நோயாளிகள் அட்டையை வாங்கினார்கள், மற்றவர்கள் வாங்கவில்லை. இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் 2000-ம் ஆண்டு வாக்கில் சுமார் 1.8 கோடிப் பேர் எதிலும் இல்லை. 2001-ல் தக்சின் ஷினவத்ரா ஆட்சிக்கு வந்ததும் சந்தா என்ற பேச்சையே எடுத்துவிட்டார்கள். அரசு ஊழியர் திட்டத்திலோ, தொழிலாளர் திட்டத்திலோ இல்லாத எல்லோரும் தானாகவே உறுப்பினர்; ஆஸ்பத்திரிக்கு வரும்போது 30 பாட் கொடுத்தால் போதும். செலவு முழுக்க பொது வரியிலிருந்து. 2002-ல் சட்டமும் வந்தது. மக்கள்தொகையில் நாலில் மூன்று பங்கு இந்தத் திட்டத்தில் இருக்கிறது.

யார் ஏழை என்று கண்டுபிடிக்க வேண்டாம், யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்க்க வேண்டாம், அட்டை காலாவதியானதா என்று கவலைப்பட வேண்டாம். ஒரு முழு நிர்வாக இயந்திரமே தேவையில்லாமல் போயிற்று. மொத்தச் சுகாதாரச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது பத்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது.

இதை ஒரு தேர்தல் வாக்குறுதியின் வெற்றி என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். திட்டத்தின் மூளை என்று சொல்லப்படும் டாக்டர் சங்குவான் நித்தயாரம்போங் போன்ற கிராமப்புற மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதற்காக வேலை செய்துவந்தார்கள். 1970-களிலிருந்தே மருத்துவம் படித்து முடிப்பவர்கள் கிராமத்தில் கட்டாயம் பணியாற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஆஸ்பத்திரி கட்டினார்கள். 30 பாட் வந்தபோது அதை வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஆளும் இடமும் தயாராக இருந்தன. ஏட்டுச் சுரைக்காயாகப் போகாததற்கு அதுவே காரணம்.

பணம் கொடுக்கும் முறையிலும் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். ஆஸ்பத்திரி போடும் பில்லுக்கெல்லாம் பணம் என்பது கிடையாது. பதிவு செய்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கைப்படி தலைக்கு இவ்வளவு. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 1,202 பாட். உள்நோயாளிகளுக்கு நோய் வகைப்படி விலை, அதற்கும் மேலே ஒரு மொத்த உச்சவரம்பு. இதனால் செலவு கட்டுக்குள் இருந்தது. இந்தப் பணம் கட்டுப்படியாகவில்லை என்று ஆஸ்பத்திரிகள் அன்றிலிருந்து முறையிடுகின்றன. அந்த முறையீட்டில் நியாயமும் இருக்கிறது. தலைக்கான தொகை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பட்ஜெட் அலுவலகத்தோடு மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டும். ஆக, சந்தா வசூலிக்கும் தலைவலி போனது. நிதி அமைச்சகத்தின் வாசலில் நிற்கும் தலைவலி வந்தது. இரண்டில் எது மேல் என்றால், இரண்டாவதுதான் என்பேன். ஒரு கோடி வாசலில் நிற்பதைவிட ஒரு வாசலில் நிற்பது எளிது.

கானா நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தது. ‘முதலில் காசு, அப்புறம் வைத்தியம்’ என்று இருந்த ஆஸ்பத்திரி முறையை மாற்ற 2003-ல் காப்பீட்டுச் சட்டம் போட்டது. மதிப்புக் கூட்டு வரியோடு 2.5 சதவீதம் சுகாதாரக் காப்பீட்டு வரியைச் சேர்த்தது. பொருள் வாங்கும் எல்லோரும் தெரியாமலே காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். திட்டத்தின் வருமானத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. முறைசாராத் தொழிலாளர் கட்டும் பிரீமியம் மிகச் சிறிய பங்கு. அப்படியிருந்தும் அந்தப் பிரீமியத்தைக் கைவிடவில்லை, ஆண்டுதோறும் அட்டையைப் புதுப்பிக்கவும் வேண்டும். வரி எல்லோரிடமும், காப்பீடு அட்டையைப் புதுப்பித்தவருக்கு மட்டும். 2010-களின் பெரும்பகுதியில் மக்களில் 40 சதவீதத்தைத் தாண்ட முடியாமல் திட்டம் தவித்தது. 2018 இறுதியில் கைபேசியிலேயே புதுப்பிக்கும் வசதி வந்த பிறகு எண்ணிக்கை ஏறியது. அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பதே எத்தனை பேரைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

யாருக்கு, எதற்கு, எவ்வளவு

வரிப்பணத்தில் ஏழைகளை மட்டும் சேர்ப்போம், மற்றவர்கள் பிறகு என்று முடிவெடுக்கும் நாடுகள் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்கின்றன: பட்டியல். இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. 10.74 கோடி குடும்பங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தது 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து. ஏழு ஆண்டில் குடும்பங்கள் பிரிந்திருக்கும், இடம் மாறியிருக்கும், ஏழையாக இருந்தவர் தேறியிருப்பார், தேறியிருந்தவர் நொடித்திருப்பார். 2023-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தபோது, சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த எண், பத்து ஒன்பதுகள். அதில் எத்தனை மோசடி, எத்தனை படிவத்தை முடித்தால் போதும் என்ற அவசரம் என்பது வேறு விஷயம். ஏழையை அடையாளம் காணும் இயந்திரம் எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்பதற்கு இது போதும்.

இதைவிடப் பெரிய கேள்வி, காப்பீடு எதற்குப் பணம் கொடுக்கிறது என்பது. ஆயுஷ்மான் பாரத் உட்பட இந்தியாவின் அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும். ஆனால் ஒரு சராசரிக் குடும்பத்தின் மருத்துவச் செலவைத் தின்பது மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும், கிளினிக் செலவும், பரிசோதனைக் கட்டணமும்தான். இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் படத்தைச் சுவரொட்டியில் போடலாம். பத்து வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதால் மாரடைப்பு வராமலே போனவரின் படத்தை யார் போடுவார்கள்? அதனால் அரசியலுக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் பிடிக்கிறது.

படுத்தால்தான் பணம் என்றால் படுக்க வைப்பார்கள். ஆயுஷ்மான் பாரத்துக்கு முன்னோடியாக 2008-ல் வந்த தேசியத் திட்டத்தில் குடும்பத்துக்கு 30,000 ரூபாய் வரை கிடைத்தது. அந்தக் காலத்தில் பீகார், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்த தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. சிகிச்சைக்கு விலை வைக்கும்போதே அந்தச் சிகிச்சைக்கு ஒரு தூண்டுதலும் வைக்கிறோம். விலையைக் குறைத்து வைத்தால் தனியார் ஆஸ்பத்திரிகள் ‘இந்த அட்டை இங்கே செல்லாது’ என்பார்கள், அல்லது நோயாளியிடமே தனியாகக் காசு கேட்பார்கள். கிளெய்ம் பணம் மாதக்கணக்கில் பாக்கி நின்றாலும் அதுதான் நடக்கும். கானாவில் பாக்கி ஏறிய காலங்களில் ஆஸ்பத்திரிகள் பழையபடி காசு கேட்கத் தொடங்கின. அங்கே 2012-ல் அஷாந்தி பிராந்தியத்தில் தலைக்கு இவ்வளவு என்ற முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். எங்கள் பகுதியை மட்டும் ஏன் வதைக்கிறீர்கள் என்று அது அரசியல் சண்டையாக மாறி, 2017-ல் நிறுத்தப்பட்டது.

எல்லோரையும் சேர்த்து முடித்த கொரியாவிலும் இந்தப் பாடம் மிச்சம் இருக்கிறது. சீக்கிரம் சேர்ப்பதற்காகச் சந்தாவையும் பலனையும் குறைவாக வைத்தார்கள், பில்லுக்குப் பணம் என்ற முறையையும் வைத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே மொத்தச் சுகாதாரச் செலவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மக்களின் கையிலிருந்தே போகிறது.

அப்புறம், ஆஸ்பத்திரியே இல்லாத ஊரில் காப்பீடு எதை வாங்கும்? வியட்நாம் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, தனி ஆளாகச் சேர முடியாது, குடும்பமாகத்தான் சேர வேண்டும் என்றது. நோயாளியை மட்டும் சேர்க்கும் தந்திரத்தை அடைக்கும் வழி அது. அரசின் மானியமும் கூடவே வந்ததால் பத்தில் ஒன்பது பேர் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் கம்யூன் எனப்படும் ஊர் அளவிலான சுகாதார நிலையத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை இல்லை. நேராகப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு கட்டிலில் இரண்டு மூன்று பேர் படுத்த காலம் உண்டு. இலங்கையை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்கலாம். அங்கே சொல்லும்படியான பொதுச் சுகாதாரக் காப்பீடு எதுவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அது இலவசம், வரிப்பணத்தில் ஓடுகிறது. அந்த ஏற்பாட்டிலேயே தன் வருமான நிலையில் உள்ள நாடுகளைவிடத் தாய்சேய் நலத்தில் வெகு முன்னால் போய்விட்டது. காப்பீடு என்ற பெயர் இருந்தால்தான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், இலங்கையைக் காட்டலாம்.

ஆட்சி மாறினால்

வரிப்பணத்தில் ஓடும் திட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு ஆட்சி கொடுத்ததை இன்னொரு ஆட்சி எடுக்கலாம். மெக்சிகோ சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களுக்காக 2004-ல் செகுரோ பாபுலர் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஐந்து கோடிப் பேருக்கு மேல் சேர்த்தது. குறைகள் இருந்தன, சில மாநிலங்களில் பணம் களவும் போனது. அதிபர் லோபஸ் ஓப்ரடோர் அதைக் கலைத்துவிட்டு 2020-ல் புதிய நிறுவனம் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டில் அதையும் மூடி வேறொன்றோடு இணைத்தார்கள். சுகாதாரச் சேவை கிடைக்காதவர்கள் 2018-ல் 16.2 சதவீதமாக இருந்தது, 2022-ல் 39.1 சதவீதம் ஆனது. இது அந்நாட்டு அரசின் வறுமை அளவீட்டு அமைப்பே தந்த கணக்கு.

பிலிப்பைன்ஸில் திட்டம் இருக்கிறது, பணத்தில்தான் கை வைத்தார்கள். 2012-ல் புகையிலை, மது மீதான வரியை ஏற்றி அந்த வருமானத்தில் ஏழைகளுக்குக் காப்பீடு எடுத்த நாடு அது. பலரும் பாராட்டிய ஏற்பாடு. 2019 சட்டத்தின்படி ஒவ்வொரு குடிமகனும் தானாகவே உறுப்பினர். 2024-ல் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் ‘உபரி’யாக இருப்பதாகச் சொல்லி 89.9 பில்லியன் பெசோவைக் கருவூலத்துக்கு மாற்ற அரசு உத்தரவிட்டது. 60 பில்லியன் போன பிறகு மிச்சத்தை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2025 பட்ஜெட்டில் அந்த நிறுவனத்துக்கு அரசு மானியம் பூஜ்யம். நோயாளி தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் காப்பீட்டு நிதி எப்படி உபரியானது என்ற கேள்வி அங்கே பலமாகவே எழுந்தது. பலன்களைக் கூட்டாமல் வைத்திருந்தால் கணக்கில் உபரி காட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பழைய சோதனையைத் திரும்ப நடத்துகிற நாடு கென்யா. 1966-லிருந்து இருந்த மருத்துவமனைக் காப்பீட்டு நிதியைக் கலைத்துவிட்டு, 2024 அக்டோபரில் புதிய சமூகச் சுகாதார ஆணையத்தைத் தொடங்கியது. வருமானத்தில் 2.75 சதவீதம் கட்ட வேண்டும். சம்பளக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வீடு எப்படிப்பட்டது, என்ன வசதிகள் இருக்கின்றன என்ற கேள்விகளைக் கேட்டு, அதிலிருந்து கணினி வருமானத்தை ஊகிக்கும்; குறைந்தது மாதம் 300 ஷில்லிங். அதையும் ஓராண்டுக்குச் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவு செய்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்; முறைசாராத் தொழிலாளர்களில் பணம் கட்டியவர்கள் அதில் சிறு பங்கு. ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் கட்ட முடியாதவர்களுக்குக் கடன் கொடுத்து, அதைத் தவணையில் வசூலிக்கும் ஏற்பாட்டை 2025-ல் அரசே கொண்டுவந்தது. பிரீமியம் கட்டக் கடன். கடன் தவணை தவறினால் வசூலிக்க மறுபடி ஆள் போக வேண்டும். சந்தாவை வசூலிக்க முடியாத அதே வாசலுக்குத்தான்.